கை தயங்கும் வயது: அருங்காட்சியகங்களில் பதின்பருவத்தினருக்கான கலைப் பட்டறைகள்

பதின்பருவக் கலைப் பட்டறை என்பது, ஏறத்தாழ பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ளவர்கள் அருங்காட்சியகத்தில் ஒரு படைப்பை நிதானமாகப் பார்த்து, அது உருவான பொருளையும் முறையையும் தம் கையாலேயே பழகிப்பார்க்கும் அமர்வு. களிமண், மெழுகு, லினோ தகடு, சாயமேற்றும் துணி, காகிதக்கூழ், ஒளிப்படக் கருவி என எதையும் மையமாகக் கொண்டு இது நடக்கலாம். வழிநடத்துபவர் பெரும்பாலும் அந்தக் கலையையே தொழிலாகக் கொண்டவர். மதிப்பெண் கிடையாது, தேர்வு கிடையாது. பள்ளி ஓவிய வகுப்புக்கு வாய்க்காத ஒரு வசதியும் இங்கே உண்டு: மூலப்படைப்பு அடுத்த அறையிலேயே இருக்கிறது. ஐயம் எழுந்தால் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்த வயதினருக்கெனத் தனிப் பட்டறை ஏன் வேண்டும் என்பதற்குக் கலைக் கல்வியியலில் தெளிவான விடை இருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்டு, 1947-ல் வெளியான ‘கிரியேட்டிவ் அண்ட் மென்டல் குரோத்’ நூலில் குழந்தைகளின் வரைதிறன் வளரும் படிநிலைகளை வகுத்தார். கிறுக்கலில் தொடங்கும் கை, பள்ளிப் பருவத்தில் தயக்கமில்லாமல் ஓடுகிறது. பன்னிரண்டு வயதை ஒட்டி, கண்ணால் கண்டதை அப்படியே தாளில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. தன் கோட்டைத் தானே குறைசொல்லும் பழக்கமும் அதோடு சேர்ந்தே வருகிறது. ஆசைக்குத் திறன் ஈடுகொடுக்காதபோது “எனக்கு வரைய வராது” என்று பலர் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் அதைத் திரும்ப எடுக்காதவர்களும் உண்டு. பட்டறை கைகொடுக்க வேண்டிய தருணம் இதுதான். அச்சு, வார்ப்பு, ஒட்டுப்படம் போன்ற முறைகளில் உருவ ஒற்றுமையைவிடப் பொருளின் இயல்பே முன்னால் நிற்பதால், வரையத் தயங்குபவரும் அவற்றில் துணிந்து இறங்க முடிகிறது.

வரலாற்றைப் பார்த்தால், அருங்காட்சியகங்கள் சிறு குழந்தைகளை முதலிலும் பதின்பருவத்தினரை வெகுநாள் கழித்தும் கவனித்திருக்கின்றன. நியூயார்க்கின் புரூக்ளினில் 1899-ல் திறக்கப்பட்ட குழந்தைகள் அருங்காட்சியகமே அவ்வகையில் உலகின் முதலாவது. அதே நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1937-ல் கல்விப் பணியைத் தொடங்கிய விக்டர் டி'அமிக்கோ, விதிவிலக்காக, உயர்நிலைப் பள்ளி மாணவர்களை மனத்தில் கொண்டு இளையோர் காட்சிக்கூடம் ஒன்றை அமைத்தார். 1942-ல் அவர் தொடங்கிய ‘குழந்தைகள் கலைத் திருவிழா’ இன்னும் பரவலாக அறியப்பட்டது. அதன் முதல் பகுதியில், மங்கிய ஒளியில் கண்ணையும் கையையும் தூண்டும் விளையாட்டுப் பொருள்கள் இருந்தன. அவற்றில் திளைத்த பிறகு குழந்தைகள் வண்ணமும் ஒட்டுப்படப் பொருள்களும் நிறைந்த இரண்டாம் பகுதிக்குப் போனார்கள். பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. பெரியவர்களின் பார்வைக்கு அஞ்சாமல் கை இயங்க வேண்டும் என்பதே காரணம். இத்திருவிழா மிலானுக்கும் பிரசல்ஸுக்கும் பயணித்தது. 1962-ல் இந்தியா வந்த ஜாக்குலின் கென்னடி, டெல்லியின் தேசியக் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கான அன்பளிப்பாக அதை இந்திரா காந்தியிடம் வழங்கினார்.

ஐரோப்பாவில் 1977 குறிப்பிடத்தக்க ஆண்டு. மிலானின் பிரேரா ஓவியக்கூடத்தில் இத்தாலிய வடிவமைப்பாளர் புரூனோ முனாரி குழந்தைகளுக்கான பட்டறையை அவ்வாண்டு நடத்தினார். எதைச் செய்வது என்பதைக் குழந்தையிடமே விட்டுவிட்டு, எப்படிச் செய்வது என்பதை மட்டும் காட்டித்தருவது அவர் வழி. அதே ஆண்டில் பாரிஸில் திறக்கப்பட்ட பொம்பிடு மையத்திலும் தொடக்கத்திலிருந்தே குழந்தைகள் பட்டறை இருந்தது. ஆனால் பதிமூன்று முதல் பதினாறு வயதினருக்கென ‘ஸ்டூடியோ 13/16’ என்ற தனிக்கூடம் அங்கு உருவானது 2010-ல்தான். குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் இடையிலான இந்த முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளி, துறை முழுவதிலும் நிலவிய தாமதத்துக்கு நல்ல சான்று.

அமெரிக்காவில் அந்தத் தாமதம் 1990-களில் குறையத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸின் சமகாலக் கலை அருங்காட்சியகம், மினியாபொலிஸின் வாக்கர் கலை மையம், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம், ஹூஸ்டனின் சமகாலக் கலை அருங்காட்சியகம் ஆகிய நான்கும் அந்தப் பத்தாண்டில் பதின்பருவத்தினருக்கான நீண்டகாலத் திட்டங்களைத் தொடங்கின. ஒரு நாள் வந்துபோவதற்குப் பதிலாக, ஒரு குழு மாதக்கணக்கில் கூடி, கலைஞர்களோடு பணிசெய்து, நிகழ்ச்சிகளைத் தானே திட்டமிட்டது. இத்திட்டங்களில் பங்கேற்றவர்களைப் பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்து ஆராய்ந்த ‘ரூம் டு ரைஸ்’ அறிக்கை 2015-ல் வெளிவந்தது. தன்னம்பிக்கை, கலையோடு தொடரும் உறவு, தொழில்சார் திறன்கள் ஆகியவற்றில் அந்த அனுபவத்தின் தடம் நெடுநாள் நிலைத்திருப்பதை அது பதிவுசெய்தது.

நல்ல பட்டறையின் நடைமுறை பெரும்பாலும் மூன்று கட்டங்களில் அமைகிறது. முதலில் பார்த்தல்: பத்துப் பதினைந்து பேர் ஒரே படைப்பின் முன் அமர்ந்து, விளக்கப் பலகையைப் படிக்கும் முன்பே தாம் காண்பதைச் சொல்கிறார்கள், வரைகிறார்கள். அடுத்து சோதித்தல்: பொருள் எங்கே வளையும், எங்கே உடையும் என்பதைக் கை அறிகிறது. முடிவில் செய்தலும் பேசுதலும். காட்சிக்கூடத்துக்குள் பென்சில் மட்டுமே அனுமதி; மை, நீர், ஈரக் களிமண், பூச்சி ஏறக்கூடிய தாவரப் பொருள்கள் எல்லாம் கலைப்பொருள்களுக்குத் தீங்கு. ஆகவே தண்ணீர் வசதியும் கழுவக்கூடிய தரையும் உள்ள தனியறை இன்றியமையாதது. வழிநடத்துபவர் பங்கேற்பாளரின் தாளில் தானே கோடு போட்டுத் திருத்துவதில்லை. வேண்டுமானால் வேறு தாளில் செய்துகாட்டுகிறார்.

தமிழ்நாட்டில் இதற்கு வளமான அடித்தளம் இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்மாநிலங்களின் பழைய வீடுகளை இடம்பெயர்த்துக் கட்டிய அருங்காட்சியகம். பானை வனைதல், கூடை முடைதல் போன்ற தொழில்களைக் கைவினைஞரிடம் நேரடியாகப் பழகும் வாய்ப்பு அங்கு உண்டு. 1851-ல் தோன்றிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகளும் இவ்வகைக் கற்றலுக்குப் பொருத்தமானவை. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவது சோழர் கால முறை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அவ்வாறே வார்க்கிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். எனவே ஒவ்வொரு திருமேனியும் ஒருமுறையே பிறக்கிறது. மெழுகில் ஒரு விரலைச் செய்துபார்த்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, எழும்பூரில் உள்ள திருவாலங்காட்டு நடராசரின் தூக்கிய திருவடி எத்தனை கடினமான வேலை என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்தகைய பட்டறைகள் நிலைக்கச் சில ஏற்பாடுகள் தேவை. கட்டணமின்மை, பள்ளி நேரத்தோடு மோதாத கால அட்டவணை, வந்துபோகும் செலவுக்கு உதவி ஆகியவை இல்லாவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே வருவார்கள். வரைவதை நிறுத்திய கை மீண்டும் துணிவு பெறப் பல வாரங்கள் ஆகும் என்பதால் ஒரே நாள் முகாமைவிடத் தொடர் அமர்வுகளே பயன் தருகின்றன. செய்தவற்றை, செய்தவர் பெயரோடு அருங்காட்சியகத்தின் சுவரிலேயே வைப்பது கடைசிக் கட்டம். அன்று அந்தப் பிள்ளைகள் தம் வீட்டாரை அழைத்து வருகிறார்கள், அவர்களில் பலருக்கு அருங்காட்சியகத்தின் வாசலை மிதிப்பதே அதுதான் முதல்முறை.