கற்பிட்டி தந்த சரித்திரக்காரர்
(சைமன் காசிச்செட்டியின் எழுத்துகள் – ஒரு மதிப்பீடு)

தமிழ்ப் புலவர் வரலாறு என்று ஒன்றை நம்மவர் ஒருவர் முதன்முதலாகத் திரட்டி அச்சேற்றியது சென்னையிலும் அல்ல, மதுரையிலும் அல்ல, யாழ்ப்பாணத்தில். ஆண்டு 1859. எழுதப்பட்ட மொழியோ ஆங்கிலம்! எழுதியவர் பேராசிரியரோ மடத்து வித்துவானோ அல்லர். இலங்கையின் மேற்குக் கரையில் உள்ள கற்பிட்டியில் பிறந்து, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி, புத்தளத்தில் மணியகாரராக இருந்து, சட்ட நிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்து, கடைசியில் சிலாபத்தில் நீதிபதியான சைமன் காசிச்செட்டி (1807–1860). பகலெல்லாம் கச்சேரி வேலை. மிச்ச நேரத்தில்தான் சரித்திரம். உத்தியோகத்துக்காக ஊரைவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வளர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த மனிதர் அந்நியர் அல்லர்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'தமிழ் புளூட்டாக்' நூலைத்தான் முன்னால் வைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சரித்திரக்காரர் என்ற முறையில் அவருடைய கெட்டிக்காரத்தனம் வெளிப்படுவது அதற்கு 25 ஆண்டுகள் முன்பு, 1834ல் வந்த 'சிலோன் கெஜட்டியர்' நூலில். அப்போது அவருக்கு வயது 27. இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மலைகள், கோட்டைகள், கோயில்கள், அங்கங்கே என்ன விளைகிறது, யார் குடியிருக்கிறார்கள் என்று அகரவரிசையில் தொகுத்திருக்கிறார். நம் நாட்டில் ஹண்டர் துரை பெரிய பரிவாரத்தோடு கொண்டுவந்த இம்பீரியல் கெஜட்டியரின் முதல் பதிப்பு 1881ல்தான் வந்தது. அதற்கு 47 வருஷம் முந்தி, ஒரு சிற்றூர் உத்தியோகஸ்தர் தனியாளாக இதைச் செய்து முடித்திருக்கிறார் பாருங்கள்.

கெஜட்டியருக்கு மூன்று வருஷம் கழித்து, 1837ல், லண்டன் ராயல் ஏஷியாடிக் சங்கத்தின் இதழில் பரவர் குலத்தின் தோற்றமும் வரலாறும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முத்துக்குளித்துறைப் பரவர்கள் தங்களைப் பற்றி என்ன கதை சொல்லிக்கொண்டார்கள், போர்த்துக்கீசியர் காலத்தில் எப்படிக் கிறிஸ்தவர்கள் ஆனார்கள், கலியாணத்தில் என்னென்ன விருதுக்கொடிகள் பிடிப்பார்கள் என்பதையெல்லாம் அதில் பதிந்திருக்கிறார். 1909ல் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களைப் பற்றிப் பல தொகுதிகளாக வெளியிட்டபோது, பரவர் பகுதிக்கு இந்தக் கட்டுரையிலிருந்துதான் நிறைய எடுத்துக்கொண்டார். வெள்ளைக்கார அதிகாரி எழுதினால் 'ஆராய்ச்சி', நம்மவர் எழுதினால் 'தகவல்' என்று பிரித்துப் பேசும் வழக்கம் இன்னும் போகவில்லை. இங்கே அந்த ஆராய்ச்சிக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இனி புளூட்டாக்குக்கு வருவோம். பழைய கிரேக்க ஆசிரியர் புளூட்டாக், கிரேக்கர் ஒருவர், ரோமர் ஒருவர் என்று ஜோடி சேர்த்து வாழ்க்கை வரலாறு எழுதியவர். காசிச்செட்டி அந்தப் பெயரை மட்டும்தான் கடன் வாங்கினார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த ஏறக்குறைய இருநூறு புலவர்களை ஆங்கில எழுத்து வரிசைப்படி நிறுத்தி, ஆளுக்குச் சில வரி வரலாறும் மாதிரிக்குப் பாட்டும் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு முயற்சி அதற்கு முன்னே இல்லாமலில்லை. 1829ல் கல்கத்தாவிலிருந்து காவலி வெங்கட ராமசாமி என்பவர் தக்காணக் கவிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஆனால் தமிழுக்கு மட்டும் என்று தனியாக, இத்தனை பேரைத் திரட்டியது இதுதான்.

குறைகளை மறைப்பதற்கில்லை. திருவள்ளுவர், ஔவையார் வரலாறு என்று அவர் தருவது, நம் பாட்டிமார் சொல்லும் ஆதி–பகவன் கதை. வெவ்வேறு காலத்து ஔவையார்கள் எல்லாரும் ஒருத்தியாகி, வள்ளுவருக்கு உடன்பிறந்தவராகவும் ஆகிவிடுகிறார்கள். காலக்கணக்கும் பல இடங்களில் நிற்காது. கேட்டதையெல்லாம் எழுதிவிட்டார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். அரிசில்கிழார் என்று ஒரு சங்கப் புலவர். பேகனைப் பாடியவர், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறைமீது பதிற்றுப்பத்தில் ஒரு பத்தே பாடியவர். காசிச்செட்டியின் புத்தகத்தில் அவர் யார் தெரியுமா? மதுரைச் சங்கத்துப் புலவர், திருவள்ளுவமாலையில் குறளைப் புகழ்ந்து ஒரு வெண்பா பாடியவர். அவ்வளவுதான். இப்படித் திருவள்ளுவமாலைப் பாட்டு ஒன்றையே அடையாள அட்டையாக வைத்துக்கொண்டு நிற்கும் சங்கப் புலவர்கள் அந்த நூலில் பலர்.

ஏன் இப்படி? கலித்தொகை அச்சில் வந்தது 1887ல், பத்துப்பாட்டு 1889ல், புறநானூறு 1894ல். காசிச்செட்டி கண்ணை மூடியது 1860ல். அவர் அகராதிபோல அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் புலவர்களின் பாட்டெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் சுவடியாகக் கிடந்தன. ஆக இந்த நூல் புலவர்களின் சரித்திரம் என்பதைவிட, 1859ல் நன்றாகப் படித்த ஒரு தமிழருக்குத் தமிழ் இலக்கியம் என்பது எதுவரை தெரிந்திருந்தது என்பதன் சரித்திரம் என்று நான் படிக்கிறேன். சாமிநாதையரும் தாமோதரம் பிள்ளையும் என்ன செய்தார்கள் என்பதை மேடையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது, அரிசில்கிழாருக்கு ஒதுக்கிய அந்த நாலைந்து வரியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கதையிலிருந்து விலகி, தன் காலத்துக்கும் தன் கரைக்கும் அருகே வரவர, காசிச்செட்டியின் பேனா மாறிவிடுகிறது. கூழங்கைத் தம்பிரானை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தில் பிறந்தவர். மடத்தில் தம்மீது விழுந்த பழியைத் தீர்க்கச் சத்தியம் செய்து, கை வெந்து கூழையானதால் இந்தப் பெயர் என்பார்கள். கடல் கடந்து யாழ்ப்பாணம் போய்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். நன்னூலுக்கு உரை செய்தார். காவி கட்டிய அந்தச் சைவர், பைபிளில் வரும் யோசேப்பின் கதையை 'யோசேப்பு புராணம்' என்று பாடி, கிறிஸ்தவப் போதகரான தம் நண்பர் பிலிப்பு தெ மெல்லோவுக்குக் காணிக்கையாக்கினார். 1795ல் மறைந்தார். இந்த மாதிரி மனிதர்களைக் காசிச்செட்டி கைவிடவில்லை. கத்தோலிக்கரான அவருடைய பட்டியலில் வீரமாமுனிவர் இருப்பது வியப்பில்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும், சைவ வைணவப் புலவர்களும், அன்று யாழ்ப்பாணத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஈழத்துப் புலவர்களும் ஒரே வரிசையில், ஒரே மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் வைத்ததில் இப்படியும் ஒரு நன்மை!

ஆங்கிலத்தில் ஏன் எழுதினார் என்ற கேள்வி நம் சங்கத்துப் பெரியவர்கள் சிலருக்கு உறுத்தும். தமிழில் எழுதியிருந்தால் ஊரில் இன்னும் நாலு பேர் படித்திருப்பார்கள் என்பது நியாயம்தான். 1886ல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' என்று தமிழிலேயே, இன்னும் விரிவாக எழுதி அந்தக் குறையைத் தீர்த்தார். ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். "தாத்தா, நம்ம பாஷையில பொயட்ஸ் யாரு இருக்காங்க?" என்று கேட்கிற பிள்ளையின் கையில் நான் எதைக் கொடுப்பது? அந்தப் பிள்ளைக்குக் காசிச்செட்டி இன்றைக்கும் உபயோகப்படுகிறார். கூடவே ஒருவர் உட்கார்ந்து, இது கதை, இது சரித்திரம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வெறுமனே கொடுத்துவிடக் கூடாது.

அந்தப் பிரித்துச் சொல்கிற வேலையும் ஓரளவு நடந்தே இருக்கிறது. 1946ல் வந்த இரண்டாம் பதிப்புக்குத் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் குறிப்புகள் எழுதியிருக்கிறார். 1982ல் டில்லியிலேயே மறுபதிப்பும் ஆனது. நூலகத்தில் கிடைத்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். முதலில் கூழங்கைத் தம்பிரான். அடுத்து பிலிப்பு தெ மெல்லோ, உமறுப்புலவர். அதற்குப் பிறகு அரிசில்கிழாரைத் திறந்து, பக்கத்தில் புறநானூற்றை வைத்துக்கொண்டு படியுங்கள்.