எல்லையில் நடப்பவன்

'பழைய ஆங்கிலத்தின் மறந்துபோன அழகிய சொற்கள்' மாதிரியான பட்டியல்கள் இன்ஸ்டாகிராமில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மூடுபனி படர்ந்த காட்டுப் படம், நடுவே ஒரு சொல், கீழே ஒரு வரியில் பொருள். லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். சொல்லுக்கு அது போதுமா என்பதுதான் என் சண்டை. கவிதையிலிருந்து பிய்த்தெடுத்த சொல் பொருளோடு வருகிறது, ஆனால் பகையும் உறவும் இல்லாமல் வருகிறது.

அடிக்கடி கண்ணில் படுவது 'மெயர்க்ஸ்டப்பா'. 'எல்லையில் நடப்பவன்' என்று போட்டிருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ப்ரொஃபைல்ல வச்சுக்கலாம். ஆனால் 3182 வரிகள் கொண்ட 'பேயவுல்ஃப்' காவியத்தில் இது க்ரெண்டலின் பெயர். இரவில் வந்து, தூங்கும் வீரர்களைத் தின்பவன்.

'மெயர்க்' என்றால் எல்லை. இன்றைய ஆங்கிலத்தில் குறி என்று பொருள்படும் 'மார்க்' இதன் பிள்ளைதான். மெர்சியா என்ற பழைய அரசின் பெயருக்கே எல்லைக்காரர்கள் என்றுதான் பொருள். பழைய ஆங்கிலப் பேராசிரியரான டோல்கீன் தன் ரோஹன் நாட்டுக்கு 'மார்க்' என்று பெயர் வைத்ததும் இங்கிருந்துதான். இந்தச் சொல்லில் எல்லை என்பது வெறும் கோடு இல்லை, அது நிலமும்கூட. சதுப்பும் இருட்டுமாக ஒரு புறம்போக்கு. அங்கே ஒருவன் குடியிருக்க முடியும். க்ரெண்டல் குடியிருக்கிறான். ராஜமண்டபத்திலிருந்து தினமும் யாழும் பாட்டும் கேட்கின்றன, அவனால் தாங்க முடியவில்லை.

சரி, அரக்கன் என்று மொழிபெயர்த்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு உறவு அறுந்துவிடும். எக்ஸிட்டர் சுவடியில் 'நாடோடி' என்று இன்று அழைக்கப்படும் ஒரு கவிதை இருக்கிறது. தலைவனையும் தோழர்களையும் இழந்து பனிக்கடலில் தனியே அலைபவனின் புலம்பல். அவனுக்குப் பெயர் 'எயர்ட்ஸ்டப்பா', நிலத்தில் நடப்பவன். அதே 'ஸ்டப்பா'. நம் இரக்கத்தைக் கேட்கிற அகதிக்கும் நாம் வெறுக்க வேண்டிய அரக்கனுக்கும் ஒரே வால். மண்டபத்தில் இடம் இருந்தால்தான் மனிதன் என்று நம்பிய சமூகத்தில், வெளியே நிற்பவர்களை மொழி ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. கவிஞன் தெரிந்தே செய்தானா என்பது எனக்கு முக்கியமில்லை. க்ரெண்டலின் தாயையும் காவியம் இதே சொல்லுக்குள் அடக்குகிறது. மரியா தவானா ஹெட்லி தன் 2020 மொழிபெயர்ப்பில் அவளை அரக்கியாக அல்ல, போர்வீராங்கனையாகப் பார்த்தபோது சிலருக்கு அது இன்றைய அரசியலாகத் தெரிந்தது. எனக்கென்னவோ அந்தக் கதவு மூலத்திலேயே பாதி திறந்துதான் கிடக்கிறது.

எல்லை இப்படி அகலமானது என்றால், அதைத் தாண்டத் துள்ளித்தான் ஆக வேண்டும். 'ஹ்லேயப்பன்' என்ற வினை ஓடுவது, குதிப்பது, ஆடுவது எல்லாமே. நடனக்காரிக்கு 'ஹ்லேயப்பெஸ்ட்ரெ' என்று பெயர். ஜெர்மனில் ஓடுவதைக் குறிக்கும் 'லாவ்ஃபன்' இதன் சகோதரன். பேயவுல்ஃபில் வீரர்கள் குதிரைகளைப் பாயவிடும்போதும் இந்தச் சொல்தான்.

ஆனால் துள்ளலை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவன் கினவுல்ஃப். கிறிஸ்துவின் விண்ணேற்றம் பற்றிய அவன் கவிதை கிறிஸ்துவின் வாழ்க்கையை ஆறு 'ஹ்லூப்'களாக, ஆறு துள்ளல்களாகச் சொல்கிறது. உன்னதப் பாட்டில் மலைகள்மேல் துள்ளி வரும் காதலனைக் கிறிஸ்துவாக வாசித்தவர் போப் கிரகோரி. அவர் பிரசங்கத்தில் ஐந்து துள்ளல்கள்தான். கினவுல்ஃபில் கன்னியின் கருவறை, பிறப்பு, சிலுவை, கல்லறை என்று வரிசை போய், விண்ணுக்கு ஏறும் முன்னால் நரகத்துக்குள் ஒரு குதி வருகிறது. கவிதையே அந்தக் கூடுதல் குதியில்தான் உயிர்க்கிறது என்பேன். துள்ளல் என்றால் மேலே என்று நினைக்கிறோம். இங்கே முதல் துள்ளலே கீழ்நோக்கி, கல்லறை கீழே, நரகம் அதற்கும் கீழே. இறங்க இறங்க வேகம் கூடி, கடைசியில்தான் ஏற்றம்.

பெருக்கத்துக்கு வருவோம். இன்று 'போதும்' என்று பொருள்படும் 'இனஃப்', அன்று 'யெனோஹ்'. கவிதைகளில் அது பல இடங்களில் 'ஏராளம்'. இவ்வளவு போதும் என்று அடக்கிச் சொல்லி நிறைய என்று உணர்த்துகிற, அந்தக் கவிஞர்களுக்குப் பிடித்த குசும்பு.

இன்னொரு சொல் 'ஃபெயோஹ்'. கால்நடை, அதனால் செல்வம். குறளில் 'மாடு' செல்வமாக வருவதைப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ரூன் எழுத்துகளில் 'ஃப்' ஒலிக்கான எழுத்தின் பெயரும் இதுவே. கினவுல்ஃப் தன் பெயரை ரூன் எழுத்துகளாகக் கவிதைக்குள் ஒளித்து வைப்பவன். துள்ளல் கவிதையின் முடிவில் இறுதித் தீர்ப்பு நாள் வருகிறது, உலகின் அலங்காரங்கள் தீயில் எரிகின்றன. அந்த இடத்தில்தான் அவன் கையெழுத்து. அவன் பெயரின் கடைசி எழுத்து 'ஃப்'. பெயரைப் படித்து முடிக்க வேண்டுமென்றால் வாசகன் 'செல்வம்' என்று உச்சரித்தாக வேண்டும், அது எரிந்துகொண்டிருக்கும்போதே.