கருமாதி முடிந்த பிறகு வரும் பணம்

சாவுச் செலவுக்கென்று ஒரு பாலிசி போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று முகவர்கள் சொல்வது இப்போது சகஜமாகிவிட்டது. 'பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது பாருங்கள்' என்ற ஒரு பேச்சிலேயே பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் கவலை அது. ஆனால் எந்தச் செலவு எந்த நாளில் யார் கையிலிருந்து போகிறது என்று பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் தரம் தெரியும்.

சாவு வீட்டில் முதலில் வந்து இறங்குவது ஐஸ் பெட்டி. பின்னாலேயே சாமியானா, நாற்காலி, மாலை, பறை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வெளியூர்ச் சனத்துக்கு டீயும் சாப்பாடும், மயானத்தில் கொடுக்க வேண்டியது. எல்லாம் ரொக்கம். பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேசுவதில்லை. கடன் சொல்ல மானம் இடம் கொடுக்காது. அரசு மருத்துவமனையில் இறந்தால் அமரர் ஊர்தி இலவசம் என்பது ஒரு ஆறுதல். பிறகு பதினாறாம் நாள் காரியம். சமையல்காரருக்கு அதற்கு முன்பணம்.

காப்பீட்டுப் பணம் இந்த வேகத்தில் வராது. இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் கிளைமே தொடங்கும். கூடவே பாலிசிப் பத்திரம், நாமினியின் அடையாளச் சான்று, வங்கிப் பாஸ்புக் நகல் எல்லாம் வேண்டும். விசாரணை தேவைப்படாத கிளைமுக்கு 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் என்று 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கெடு வைத்திருக்கிறது. பாலிசி எடுத்து 3 ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால் விசாரணைக்கு வாய்ப்பு அதிகம். ஆக, கருமாதி முடிந்து பந்தலும் பிரித்த பிறகுதான் பணம். அதற்குள் 60,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதா மாதம் 1,800 ரூபாய் வட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பாலிசி அடைப்பது சாவுச் செலவையல்ல, சாவுக் கடனை. தென்னாப்பிரிக்காவில் ஈமச்சடங்குக்கென்றே விற்கும் பாலிசிகளுக்கு, ஆவணங்கள் சேர்ந்த இரண்டு வேலை நாளில் கிளைமை முடிவு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. இலங்கையின் ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் மாதச் சந்தா வாங்கி, சாவு விழுந்ததும் கைகொடுக்கின்றன.

இந்தக் குறைக்காக ஆயுள் காப்பீட்டையே ஒதுக்குவது அசட்டுத்தனம். மாதம் ஆயிரம் ரூபாய் சேமிக்கும் முப்பத்தைந்து வயதுக்காரர் இரண்டாம் ஆண்டு முடிவில் இறந்தால், சேமிப்பில் இருப்பது 24,000. பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டியிருந்தால் நாமினிக்கு 2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாளுக்குள் விபத்தல்லாத மரணத்துக்கு மட்டும் பணம் கிடையாது. சம்பாதிக்கும் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கு இதற்கு ஈடான ஏற்பாடு வேறில்லை. சாவுச் செலவு போக மீதிப் பணத்தில் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் சில மாதம் ஓடும். சேமிப்பைப் போல, காதுகுத்து, கல்யாணம் என்று இடையில் எடுத்துச் செலவழித்துவிடவும் முடியாது.

சிக்கல் என்னவென்றால் இந்தத் திட்டத்தில் 50 வயதுக்குள் சேர வேண்டும். பாதுகாப்பு 55 வயதோடு முடிகிறது. சாவுச் செலவைப் பற்றி உண்மையில் கவலைப்படுபவர்களோ அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பாலிசிகளில் பிரீமியம் கனமானது. மாதம் ஆயிரம் வீதம் 10 ஆண்டு கட்டினால் 1,20,000 ரூபாய். பாலிசித் தொகை ஒரு லட்சம் என்றால், நீண்ட நாள் வாழ்வதே நஷ்டக் கணக்காகிவிடும். நடுவில் தவணை தவறினால் அந்த ஒரு லட்சமும் முழுதாகக் கிடைக்காமல் போகலாம்.

நாமினி விஷயத்தில் நம் அலட்சியம் தனி. முப்பது வருடத்துக்கு முன் எடுத்த பாலிசியில் நாமினி அம்மா; அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகியிருக்கும். மனைவி வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் ஏற வேண்டியதுதான். (மொய் நோட்டில் பத்து ரூபாய் விடாமல் எழுதி வைக்கும் குடும்பங்கள்தான் இவை.) ஜீவன் ஜோதி நிலைமை இன்னும் மோசம்: பாஸ்புக்கில் ஒரு வரியாகப் பிடித்தம் ஆகும் 436 ரூபாய் எதற்கென்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தெரியாத பாலிசிக்குக் கிளைம் கேட்பவர் யார்?

ஐம்பது வயதுக்குள் இருப்பவர்கள், சம்பாதிப்பவர்கள், காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அதைச் சாவுச் செலவுக்கு என்று மட்டும் நினைக்காமல் தொகையைக் கூட்டி எடுக்கட்டும். அறுபதைக் கடந்தவர்களுக்கு என் யோசனை வேறு: பாலிசிக்குக் கட்ட நினைத்த பணத்தை மகனோடோ மகளோடோ சேர்ந்த வங்கிக் கணக்கில், 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் போட்டு வையுங்கள். யாரோடு சேர்ந்த கணக்கு என்பதை மற்றப் பிள்ளைகளுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்.