குதிரைக்கு அடியில் ஓர் 'ஐ'

1918-ஆம் வருடத்து ஜார்ஜ் பவுன் கைக்கு வந்தால் பட்டாபிராம் சேகரிப்பாளர்கள் ராஜாவின் முகத்தில் நேரம் கடத்துவதில்லை. பெர்ட்ராம் மெக்கெனல் செதுக்கிய தலைக்கு ஒரு மரியாதைப் பார்வை, அவ்வளவுதான். உடனே காசு திரும்பிவிடும், லென்ஸ் வெளியே வரும். குதிரை நிற்கும் தரைக்கோட்டில், வருடத்துக்கு மேலே, கடுகில் பாதிகூட இல்லாத ஓர் எழுத்தைத் தேடுவார்கள். 'எஸ்' என்றால் சிட்னி, 'பி' என்றால் பெர்த். நல்ல காசுதான், மூடி வைத்துவிடலாம். 'ஐ' என்றால் பம்பாய். அன்றைக்கு இரண்டாவது காபி உண்டு.

அபூர்வம் என்பதற்காக இந்தப் பித்து இல்லை. பம்பாயில் அடித்த பவுன் ஏறத்தாழ 13 லட்சம். போர்க்காலத்தில் தங்கத்தைக் கப்பலேற்றுவது ஆபத்து, வெள்ளிக்கோ கடும் தட்டுப்பாடு. 1899 முதலே பவுன் இங்கே 15 ரூபாய்க்குச் செல்லுபடியான காசு. ஆகவே பம்பாய் நாணயச்சாலையிலேயே ராயல் மின்ட்டுக்கு ஒரு கிளை திறந்தார்கள். லண்டனிலிருந்து அச்சு டை வந்து சேரும்வரை அதே எடையில் 15 ரூபாய் மொஹர் அடித்தார்கள், அது ஏறத்தாழ 21 லட்சம். ஆகஸ்டில் தொடங்கிய பவுன் வேலை மறு ஏப்ரலோடு நின்றுபோனது. 1919-இல் அடித்ததிலும் வருடம் 1918தான். ஒரு நாணயச்சாலைக் கிளையின் முழு ஆயுளும் ஒரே வருட எண்ணுக்குள் அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு 95 வருடம் 'ஐ' இல்லை.

2013-இல் எம்.எம்.டி.சி.-பாம்ப் நிறுவனம் ஹரியானாவில் உள்ள தன் ஆலையில், ராயல் மின்ட்டின் ஒப்புதலோடு, மறுபடி பவுன் அடிக்கிறது, 'ஐ' குறியும் உண்டு என்ற செய்தி வந்ததும் சேகரிப்பாளர்கள் ஏன் அப்படிப் பரபரத்தார்கள் என்பது நகைக்கடைக்காரர்களுக்குப் புரியவில்லை. அவர்களுக்கு அது எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவான இன்னொரு 22 காரட் வில்லை. காத்திருந்தவர்கள் கேட்டதோ வேறு கேள்வி: அந்தப் பக்கத்தைச் செதுக்கிய பிஸ்ட்ருச்சியின் குதிரை எப்படி விழுந்திருக்கிறது?

இந்தக் கேள்வி பட்டாபிராம் இருக்கும் சென்னையின் மேற்குப் புறநகரில் பிறப்பதற்குக் காரணம் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பிரஸ் டூல் பட்டறைகளிலும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே தெருவுக்குச் சிலர். டை தேய்ந்தால் முதலில் எந்த விளிம்பு மழுங்கும், அழுத்தம் போதாவிட்டால் உலோகம் எந்தப் பள்ளத்தை நிரப்பாமல் நின்றுவிடும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பாடம். அப்படிப்பட்டவர் கையில் ஒரு பவுனைக் கொடுத்தால், முப்பது வருடம் பன்ச்சும் டையும் பார்த்த கண் 22.05 மில்லிமீட்டரையும் துழாவிவிட்டுத்தான் பேசும்.

பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி ரோமில் 1783-இல் பிறந்தவர், மணிக்கற்களில் உருவம் வெட்டும் கலையில் தேர்ந்தவர். 1817-இல் வந்த பவுனில் குதிரைமேல் டிராகனோடு மோதும் அவருடைய செயின்ட் ஜார்ஜ் முறிந்த ஈட்டித்தண்டோடு, கார்ட்டர் எனும் விருதுப் பட்டை வளையத்துக்குள் இருந்தார். 1821-இல் வளையம் போனது, கையில் குட்டை வாள் வந்தது. 1825-இலிருந்து கேடய வடிவம் இடத்தைப் பிடித்துக்கொள்ள, 1871-இல்தான் குதிரை திரும்பியது. இதெல்லாம் எல்லோரும் அறிந்தது. அறிந்தும் அலுக்காதது, அவர் அந்தச் சின்ன வட்டத்துக்குள் இத்தனையையும் இடித்துக்கொள்ளாமல் வைத்த விதம். குதிரையின் கழுத்து வளைவு, பின்னால் பறக்கும் மேலங்கி, கீழே சுருண்ட வால் என்று கண் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. கற்செதுக்கன் என்பதால் மேடு எங்கே முடியும், நிழல் எங்கே விழும் என்று தெரிந்து வெட்டியிருக்கிறார். நல்ல அடியில் குதிரையின் மார்புத்தசை தனியாகத் தெரியும். சாதாரண அடியில் அது வெறும் உப்பல்.

அந்த வாளை வைத்துக்கொண்டு டிராகனை எட்டவே முடியாது என்று கேலி பேசுகிறவர்கள் எப்போதும் உண்டு. ஹெல்மெட் போட்டவன் உடம்பில் சட்டை இல்லையே என்பார்கள். இருக்கட்டும். நீள வாளாக இருந்தால் அது வட்டத்தைக் குறுக்கே வெட்டியிருக்கும். அப்போது குதிரை எங்கே போவது?

2009-இல் ராயல் மின்ட் மூன்றாம் ஜார்ஜ் காலத்துக் கருவிகளைத் தேடி எடுத்து, பிஸ்ட்ருச்சியின் கைக்கு நெருக்கமாக வரும்படி இந்தப் பக்கத்தைத் திரும்பச் செதுக்கியது. 2013-ன் 'ஐ' அதற்குப் பின் வந்த காசு என்பதால்தான் எதிர்பார்ப்பு அத்தனை ஏறியது. கையில் வந்தபோது பாதி திருப்தி. உருவம் சுத்தம், கூர்மை குறைவில்லை. ஆனால் நவீன புல்லியன் காசுக்கே உரிய அந்த வழவழப்பு. 1918 காசின் கனத்த, கொஞ்சம் கரடான தோற்றத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது சீக்கிரம் வழுக்கிவிடுகிறது.

மாற்றுக் கட்சியினர் இரண்டு வகை. முதல் வகை, "எத்தனை டச்?" என்று கேட்பவர்கள். 2015-இல் அசோகச் சக்கரம் ஒருபுறமும் காந்தி மறுபுறமுமாக வந்த இந்திய தங்கக் காசு 24 காரட், 999 சுத்தம். அதை விட்டுவிட்டு 22 காரட் வெள்ளைக்காரக் காசுக்கு ஏன் அலைகிறீர்கள் என்று நியாயமாகத்தான் கேட்கிறார்கள். சுத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதைக் கழித்த ஒருவரையாவது காட்டட்டும்.

இரண்டாம் வகையோடு வாதாடுவது கடினம், ஏனென்றால் அவர்கள் ரசிகர்கள். 1835-இன் இரட்டை மொஹர், சிங்கமும் பனையும், அதைவிட அழகு உண்டா என்பார்கள். ரிசர்வ் வங்கி முத்திரைக்கே அதுதான் மூலம், சிங்கத்தை எடுத்துவிட்டுப் புலியை நிறுத்தினார்கள் என்பதையும் மறக்காமல் சொல்வார்கள். ஒப்புக்கொள்ள வேண்டிய அழகுதான். சிக்கல் வேறு இடத்தில். நாணயச்சாலையே பின்னாளில் அடித்த ரீஸ்ட்ரைக்குகள் அந்தக் காசைச் சுற்றி உலவுகின்றன, அவை பழைய வருடத்தையே போட்டுக்கொண்டு வருகின்றன. பம்பாய் 'ஐ' 1918 என்கிறது, ஹரியானா 'ஐ' 2013 என்கிறது. 1919-இன் அந்தச் சில மாதங்களை விட்டுவிட்டால், தன் வயதை மறைக்காத காசு.

இப்போதைய காத்திருப்பு இன்னும் ஒரு படி மேலே. 2017-இல், இருநூறாம் ஆண்டுக்காக, ராயல் மின்ட் கார்ட்டர் வளையத்தோடு கூடிய அந்த முதல் வடிவத்தையே ப்ரூஃப் காசாகக் கொண்டுவந்தது. முறிந்த ஈட்டி திரும்பியது. படத்தில் பார்த்தவர்களே மயங்கினார்கள். அந்த வளையத்துக்குள் ஓர் 'ஐ' வந்தால் என்ன என்பதுதான் பட்டாபிராம் ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து சவுகார்பேட்டைக் கடைகளை ஏறி இறங்குகிறவர்களின் பேச்சு. மெட்ராஸ் நாணயச்சாலை 1869-லேயே மூடியாயிற்று, தங்கசாலைத் தெருவில் இன்று பெயர்தான் தங்கம். ஆக, இந்த ஊர்க்காரர்களுக்கு உரிமை கொண்டாட அந்த ஓர் எழுத்துதான் மிச்சம்.

வரும் காசை என்ன பாடு படுத்துவார்கள் என்பது தனிக் கவலை. தமிழ்நாட்டில் பழைய 'ஐ' பவுன் கிடைத்தால் பத்தில் பலவற்றுக்கு உச்சியில் பற்றாசுத் தழும்பு இருக்கும். காசு மாலைக்காக வளையம் ஒட்டி, பிறகு பிடுங்கியது. பாட்டிகளைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் அதை அணிந்து அனுபவித்தார்கள். கொடுமை, விற்கும் முன் பளபளக்கட்டும் என்று பூந்திக்கொட்டை நீரில் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்ப்பது. நூறு வருடத்தில் படிந்த செம்மை ஒரு மதியத்தில் போய்விடும். புதியவர்களின் வழக்கம் நேரெதிர்: சீல் வைத்த அட்டையைப் பிரிப்பதே இல்லை. பிரித்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார் என்ற பயம். விளிம்பின் வரிப்பள்ளங்களை நகத்தால் ஒருமுறை வருடிப் பார்க்காமலே விற்று வாங்கி விற்கிறார்கள். காலையில் சவரன் விலை ஏறினால் அட்டை கைமாறுகிறது. உள்ளே இருப்பது குதிரையா கேடயமா என்று கேட்டால், பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள்.