பாடல் சடங்குக்காகக் காத்திருக்கட்டும்

தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் ஞாயிறு திருப்பலிக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும்போது, அன்றைய நற்செய்தி என்ன என்று கேட்பதற்கு முன்பே, "இந்தப் பாட்டுக்கு டிராக் இருக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள். பாடகரின் குரலை நீக்கி இசையை மட்டும் வைத்திருக்கும் மைனஸ் டிராக், கைபேசியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ ஒலிபெருக்கிக்குப் போகிறது. பாடகர் குழு அதனோடு சேர்ந்து பாடுகிறது. இந்த வழக்கம் தருவது என்ன, எடுத்துக்கொள்வது என்ன என்று நிதானமாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். ஒரே பங்குத்தந்தையின் பொறுப்பில் பல கிளைக் கிராமங்கள் இருக்கின்றன. எல்லா ஊரிலும் கீபோர்டு வாசிக்க ஆள் கிடைப்பதில்லை. நகரத்திலிருந்து ஒருவரை வரவழைக்க வண்டிச் செலவும் சம்பளமும் ஆகும். திருவிழாவுக்குக் கட்டுப்படியாகும் அந்தச் செலவு வாராவாரம் கட்டுப்படியாகாது. ஆர்மோனியம் வாசித்த பெரியவர் முதுமையால் ஒதுங்கிய பிறகு அந்த இடம் காலியாகவே கிடக்கும் கோவில்கள் உண்டு. அத்தகைய ஊரில் டிராக் சுருதியையும் தாளத்தையும் பிடித்துக் கொடுக்கிறது. தனியாகப் பாடக் கூச்சப்படும் பிள்ளைகள் அந்தத் துணையோடு மைக் முன்னால் வந்து நிற்கிறார்கள். புதிய பாடலை வீட்டிலேயே பலமுறை கேட்டுப் பழகிவிட்டு வருகிறார்கள். இவற்றைச் சிறிய நன்மைகள் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் திருப்பலியில் பாடல் தனி நிகழ்ச்சி அல்ல. நடக்கும் சடங்குக்கு அது துணை. காணிக்கைப் பாடலை எடுத்துக்கொள்வோம். பல டிராக்குகள் நீண்ட முன்னிசையோடு தொடங்குகின்றன. அது முடிந்து பல்லவி தொடங்கும்போது காணிக்கைகள் பீடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். குருவானவர் கைகழுவி முடித்து, மக்களைச் செபிக்க அழைக்கத் திரும்பும்போது இரண்டாம் சரணம் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று, அவர் பாட்டு முடியும்வரை நிற்க வேண்டும். அல்லது யாராவது ஒலியைத் திடீரென்று அணைக்க வேண்டும். திருவிருந்தின்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். வரிசை பாதி கூட நகர்ந்திருக்காது, டிராக் முடிந்துவிடும். ஆர்மோனியத்தில் கைவைத்திருப்பவர் பீடத்தைப் பார்த்து ஒரு சரணத்தைக் குறைப்பார், தேவையானால் பல்லவியை மீண்டும் எடுப்பார். பதிவுசெய்த இசைக்குக் கண் கிடையாது. அதன் பெருங்குறை இதுதான்.

அடுத்தது தவக்காலம். அக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம். நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் மட்டுமே விதிவிலக்கு என்கின்றன திருப்பலி நூலின் பொது விதிமுறைகள். சரணங்களுக்கு நடுவே புல்லாங்குழலும் வயலினும் மாறிமாறி வாசிக்கும் டிராக்கை ஒலிக்கவிட்டால் அந்த விதி தானாகவே உடைந்துபோகிறது. பெரிய வியாழன் வானவர் கீதத்துக்குப் பிறகு வரும் வெறுமையைக் கேட்டால்தான், பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதத்தோடு மணியும் இசையும் திரும்பி வரும்போது உடல் சிலிர்க்கும். ஆண்டு முழுவதும் ஒரே நிறைவோடு ஒலிக்கும் இசை அந்த ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கிவிடுகிறது.

பாடல் தேர்விலும் டிராக் கைவைக்கிறது. இசைத்தட்டுக்காக உருவான பக்திப் பாடல்களுக்கே டிராக் எளிதில் கிடைக்கிறது. அவை தனியாக அமர்ந்து கேட்பதற்காக, தேர்ந்த பின்னணிப் பாடகரின் குரலுக்கு அளவெடுத்து அமைக்கப்பட்டவை. சுருதியை இறக்கிக்கொள்ளச் செயலிகள் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் கமகங்களும் உச்ச வரிகளும் நிறைந்த மெட்டைச் சுருதி இறக்கினாலும் ஊர் மக்கள் சேர்ந்து பாட முடியாது. அவர்கள் கேட்பவர்களாகிவிடுகிறார்கள். திருப்பாடலின் இடத்தில் வேறு பாடலைப் பாடக் கூடாது என்று தெளிவான விதி இருந்தும், அன்றைய பதிலுரைப் பாடலுக்கு டிராக் இல்லை என்பதால் பொதுவான ஒரு பாடல் அங்கே நுழைந்துவிடுகிறது. அதனால் மக்கள் இழப்பது இறைவார்த்தையின் ஒரு பகுதியை.

திருச்சபை இந்தக் கேள்வியைப் பலமுறை சந்தித்திருக்கிறது. வழிபாட்டு இசை பற்றி 1958 செப்டம்பரில் வெளிவந்த உரோமை ஏடு இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா ஆகியவற்றை வழிபாட்டில் அறவே தடுத்தது. பாடலுக்குத் துணையாகக்கூட வேண்டாம் என்றது. சிறார் திருப்பலிக்கான 1973-ஆம் ஆண்டு வழிகாட்டி, ஆயர் பேரவையின் நெறிகளுக்கு உட்பட்டுப் பதிவிசைக்குக் கொஞ்சம் இடம் தந்தது. அமெரிக்க ஆயர்கள் 2007-இல் ஏற்ற இசை நெறிமுறை, பாடல் கற்பிக்க அதைப் பயன்படுத்தலாம், பொதுவாக வழிபாட்டுக்குள் கூடாது என்று பிரித்துச் சொன்னது. கூடியிருக்கும் மக்களின் உயிருள்ள குரலுக்கு ஈடு இல்லை என்ற எண்ணமே இவற்றுக்கெல்லாம் அடிப்படை.

இதை வைத்து, நேரடியாக வாசித்தாலே போதும் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. கீபோர்டின் தானியங்கி ரிதத்தைத் தட்டிவிட்டு எல்லாப் பாட்டையும் ஒரே துள்ளலில் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். நற்கருணை மன்றாட்டின்போது குருவின் குரலுக்கு அடியில் மெல்லிய பின்னணி இசை வாசிப்பது பல கோவில்களில் பக்தியாகக் கருதப்படுகிறது. தலைமை தாங்குபவருக்குரிய அந்த மன்றாட்டுகளின்போது இசைக்கருவிகள் மௌனமாக இருக்க வேண்டும் என்பதே விதி. இசைக்கருவி எதுவானாலும் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் இசைக்குக் கதவு மூடியிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903-இல் பியானோவையும் முரசு போன்ற கருவிகளையும் கோவிலுக்கு வெளியே நிறுத்தினார். 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்றது. அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்ற கத்தோலிக்கர் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைத் தந்துவிட்டார். பல்லவியைப் பலர் சேர்ந்து எடுக்க, சரணத்தை ஒருவர் பாடும் முறை நம் மண்ணில் பழகியது. பதிலுரைப் பாடலின் அமைப்பும் அதுவே.

ஆகவே என் தீர்ப்பு இது: மைனஸ் டிராக் பயிற்சி அறைக்கு நல்ல ஆசிரியர், ஞாயிறு திருப்பலிக்கு அது ஏற்றதல்ல. ஆள் இல்லாத ஊரில் ஒரு சுருதிப் பெட்டியும் கைத்தாளமும் போதும். அதுவும் இல்லையென்றால் வெறும் குரலே போதும். பங்குத்தந்தையர்களே, திருவிழா ஒலிபெருக்கிச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஊருக்கு இரண்டு பிள்ளைகளையாவது ஆர்மோனியம் கற்க அனுப்புங்கள். பாடகர் குழுவினரே, ஒவ்வொரு காலத்துக்கும் மக்கள் பாடக்கூடிய சில பாடல்களைத் தேர்ந்து, திருப்பலிக்கு முன் ஐந்து நிமிடம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த சனிக்கிழமை வாசக நூலைத் திறந்து பதிலுரைப் பாடலிலிருந்து தொடங்குங்கள். மற்றப் பாடல்களை அதற்குப் பிறகு தேடலாம்.