இல்லிக்குடமும் இரண்டாம் மொழியும்

மாணாக்கர் இயல்பை வகுத்துரைக்கப் புகுந்த நன்னூலார், அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டு உவமைகளைக் கையாண்டார். இவற்றுள் இல்லிக்குடம் கடைமாணாக்கர்க்கு உவமையாயிற்று. ஓட்டைக் குடத்தில் வார்த்த நீர் ஒழுகிப் போதல்போல, கேட்டது நெஞ்சில் நில்லாது போகும் இயல்பினன் அம்மாணாக்கன். பிறமொழி கற்பிக்கும் வகுப்பறையில் இக்கருத்து இன்றும் உயிரோடிருக்கின்றது. புதிய ஆங்கிலச் சொல்லொன்றை மும்முறை கூறக்கேட்டும் திருப்பிச் சொல்லமாட்டாத சிறுவனை, “இவனுக்கு மொழி வராது” என்று கடைசி வாங்கிற்கு ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறு ஒதுக்குதற்கு உளநூல் இடந்தருகின்றதா என்பது ஆசிரியர் அனைவரும் ஆராய்தற்குரிய வினாவாகும்.

ஒன்றைக் கேட்ட கணந்தொட்டு அதனைப் பயன்படுத்தி முடிக்குமளவும் மனத்திலே தாங்கி நிற்கும் ஆற்றலைத் தொழிற்படு நினைவு என்பர். நெடுங்கால நினைவைக் களஞ்சியம் என்றால், இதனைச் சூடடிக்கும் களம் எனலாம். களத்திற்கு வாராத நெல் களஞ்சியத்தை அடைவதில்லை. ஆங்கில உளநூலாராகிய அலன் பட்லி, கிரகாம் ஹிச் என்னும் இருவரும் 1974ஆம் ஆண்டில் இவ்வாற்றலின் அமைப்பை விளக்கினர். அவ்வமைப்பிற் சொற்களைத் தாங்கும் பகுதியை ‘ஒலிச்சுற்று’ எனத் தமிழிற் குறிக்கலாம். கேட்ட ஒலியை ஓரிரு வினாடி தாங்கும் இருப்பிடம் அதன் ஒரு கூறு. அவ்வொலி மங்கிப்போகுமுன் மனத்துக்குள்ளே மீண்டும் மீண்டும் சொல்லிப் புதுப்பித்தல் மற்றைக் கூறு. ஏறத்தாழ இரண்டு வினாடியிற் சொல்லத்தக்க அளவு சொற்களையே ஒருவர் இவ்வாறு தாங்கவல்லவர் என்பதும், சொற்கள் நீளுந்தோறும் அவற்றின் தொகை குறையும் என்பதும் 1975ஆம் ஆண்டு ஆய்வாற் புலனாயின.

பட்லி, சூசன் கதர்கோல், கொஸ்தான்ஸா பப்பாஞோ ஆகிய மூவரும் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று இக்கொள்கையை மேலுங் கொண்டுசென்றது. ஒலிச்சுற்று, அறிந்த சொற்களை வரிசைப்படி ஒப்புவித்தற்காக அமைந்ததன்று. அறியாத சொற்களின் ஒலிவடிவைக் கற்றற்கென்றே அமைந்த கருவி அது என்பது அவர்தம் துணிபு. இத்துணிபிற்கு அவர்கள் காட்டிய சான்றுகளுட் தலையாயது, ஆய்வுநூல்களில் பி.வி. என்னும் எழுத்துக்களாற் குறிக்கப்படும் இத்தாலியப் பெண்மணியின் வரலாறாகும். மூளையின் இடப்பாகத்தில் நேர்ந்த பாதிப்பினால், காதாற் கேட்ட இலக்கங்களில் இரண்டு மூன்றுக்கு மேல் அவராற் திருப்பிச் சொல்லல் இயலவில்லை. எனினும் பேச்சும் அறிவும் குன்றாதிருந்தன. 1988ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டிரண்டாக இணைத்த இத்தாலியச் சொற்களை அவர் ஏனையோரைப் போலவே கற்றார். இத்தாலியச் சொல்லோடு ருஷியச் சொல்லை இணைத்துச் செவிவழி கற்பித்தபோதோ, பத்து முறை கேட்டும் ஒன்றையேனும் கற்றாரல்லர்.

பின்லாந்துச் சிறார் ஆங்கிலங் கற்கத் தொடங்கிய காலத்தில், ஆங்கிலம் போல ஒலிக்கும் பொருளற்ற சொற்களை எத்துணைச் செம்மையாகத் திருப்பிச் சொன்னார்கள் என்பதை எலிசபெத் சர்வீஸ் என்பார் அளந்தார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளின் பின் அவர்கள் பெற்ற ஆங்கிலத் தேர்ச்சியை அவ்வளவு முன்னறிவித்தது. இம்முடிவு 1992ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இச்சான்றுகள் வலிமையுடையன என்பதில் ஐயமில்லை. தமிழ்ச் சிறுவன் ஆங்கிலங் கற்கும் நிலையை நோக்கின் அவ்வலிமை மேலும் விளங்கும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தை முதலாகக் கொண்டு தொடங்குவதில்லை. ஆதலின் ‘ஸ்கூல்’, ‘ஸ்ரேசன்’ என்பவற்றைக் கேட்ட நா, முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொள்கின்றது. பொருளை மட்டுமன்றிப் பழகாத ஒலிவரிசையையும் ஒரே கணத்திற் தாங்கும் இரட்டைச் சுமை அச்சிறுவன்மேல் ஏறுகின்றது.

ஆயினும் அக்கொள்கையை முழுவதும் ஏற்பதற்குத் தடைகள் சில உள. முதலாவது, கருவி அடியோடு பழுதுபட்டால் தொழில் நடவாது என்பதையே பி.வி.யின் வரலாறு காட்டுகின்றது. நலமுடையோரிடையே காணப்படும் சிறு ஏற்றத்தாழ்வுகளே அவரவர் கல்வியைத் தீர்மானிக்கும் என்பது அதனாற் பெறப்படாது.

இரண்டாவது, எது காரணம், எது காரியம் என்பது பற்றியது. கதர்கோலும் உடனாய்வாளரும் சிறாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 1992இல் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. நான்கு வயதிற் பொருளற்ற சொல்லைத் திருப்பிச் சொல்லுந்திறன் ஐந்து வயதிற் சொல்வளத்தை முன்னறிவித்தது. அதன்பின்னரோ, சொல்வளமே அத்திறனை முன்னறிவிக்கலாயிற்று. ஹொங்கொங்கில் ஆங்கிலங் கற்ற பன்னிரண்டு வயதினரை ஆராய்ந்த சியுங் என்பார், இந்நினைவுக்கும் புதுச்சொற் கற்றலுக்குமுள்ள தொடர்பு ஆங்கிலச் சொல்வளம் குறைந்தோரிடத்து மட்டுமே காணப்பட்டதென 1996இல் எழுதினார். நினைவு மொழியை வளர்க்கின்றது. மொழியும் நினைவை வளர்க்கின்றது. ஒருவழிப் பாதையாகக் கூறப்பட்டது உண்மையில் இருவழிப் பாதையாகும்.

மூன்றாவது, அளவுகோல் பற்றியது. வேல்ஸ் நாட்டுச் சிறார் இலக்கங்களை நினைவிற் கொள்வதிற் பின்தங்கியோராகத் தோன்றினர். வேல்ஸ் மொழி எண்ணுப்பெயர்களைச் சொல்லுதற்கு ஆங்கிலத்தினும் மிகுந்த நேரம் செல்வதே காரணமென 1980ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. குறை சிறாரிடத்தில் இருந்ததன்று. அளந்த முறையில் இருந்தது. தமிழில் ஒன்று முதல் ஒன்பது வரை, ஈருயிரொலிக்குக் குறைந்த எண்ணுப்பெயர் யாதுமில்லை. ஆங்கிலத்திலோ ‘செவென்’ ஒன்றொழிய ஏனையவை ஓருயிரொலி உடையன. ஆங்கிலச் சிறார்க்கென வகுத்த அளவைத் தமிழ்ச் சிறார்மேல் அப்படியே வைத்து அளப்பது எத்துணைப் பிழைக்கு இடமாகும் என்பது வெளிப்படை.

நான்காவது, தொடர்பின் பருமை. மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான மதிப்பீடு, தொழிற்படு நினைவுக்கும் இரண்டாம் மொழித் திறனுக்குமுள்ள இணைவை 0.255 எனக் கணித்தது. திறன் வேறுபாட்டில் நூற்றுக்கு ஏழு பங்கினுங் குறைவாகவே இது விளக்குகின்றது. எஞ்சிய பெரும்பங்கு ஆர்வம், பயிற்சி, வீட்டுச் சூழல், கற்பிக்கும் முறை முதலிய பிறவற்றிற்கு இடமாகின்றது. இச்சிற்றளவைக் கொண்டு ஒரு சிறுவனின் வருங்காலத்தைத் தீர்ப்பிடுதல் முறையாகாது.

இனி, நினைவை மட்டும் தனியே பயிற்றினால் மொழி தானே வரும் எனக் கருதுவோரும் உளர். அத்தகைய பயிற்சிகளின் பயன் பிற திறன்களுக்குப் பரவக் காணோம் என்பது 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின் முடிபு. ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கது மொழியைக் கொண்டே நினைவின் சுமையைக் குறைத்தலாகும். சொல்லெழுத வாசிக்கும்போது வாக்கியத்தைச் சிறு தொடர்களாகப் பிரித்து வாசித்தல், புதுச்சொல்லை ஒலிக்கும்போதே கரும்பலகையில் எழுதிக் காட்டல், மாணவர் ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்வித்தல் என்பன எளியனவும் பயனுடையனவுமாம். வேல்ஸ் மொழியைப் புதிதாகக் கற்றோருள், வாய்விட்டுச் சொல்லிப் பயின்றவர் வாளாவிருந்து கேட்டவரினும் நன்கு கற்றனர் என்பது 1996இல் நிறுவப்பட்டது. திண்ணைப் பள்ளியின் கூட்டோசையை வெறும் இரைச்சலென இகழ்ந்தோர் இதனைக் கருதல் வேண்டும். அவ்வோசையைப் பொருளோடு இணைக்காது விட்டதே அக்காலத்துக் குறை, ஓசையே குறையன்று.

நன்னூலார் கிளியைக் கடைமாணாக்கரோடு சேர்க்காது இடைமாணாக்கர் வரிசையில் வைத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. சொன்னதைச் சொல்லுதல் கல்வியின் முடிவன்றாயினும், பிறமொழிக் கல்விக்கு அதுவே தொடக்கம். பி.வி. என்னும் பெண்மணியின் நெஞ்சம் இல்லிக்குடமன்று. தாய்மொழிச் சொற்களை அது ஒழுகவிடாது காத்தது. புதிய ஒலி புகுதற்குரிய வாய் ஒன்றே அடைபட்டிருந்தது. வகுப்பறையில் ஒட்டைக்குடமெனப் பெயர்பெற்ற சிறுவருட் பலரும் வாய் குறுகிய குடங்களே. ஒரே மூச்சிற் கொட்டினால் நீர் புறத்தே வழியும். மெல்லென வார்த்தால் உள்ளே நிறையும். சொற்கள் நிறையுந்தோறும் அவ்வாயும் விரியும் என்பதே ஆய்வுகள் உணர்த்தும் நற்செய்தி. புறத்தே வழிந்த நீரைக் கண்டு குடத்தைப் பழிக்குமுன், வார்த்த கையையும் ஒருமுறை நோக்குதல் ஆசிரியர்க்கு அழகாகும்.