கிணறு யார் தெருவில்?

ஜாம்கேட் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதியில் மருந்தே கிடையாது. 1970களின் தொடக்கம், மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி. ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட வேண்டிய நிலை. மேபெல் அரோலேயும் ரஜனிகாந்த் அரோலேயும் (நம்ம ரஜினி இல்லை) கிணறுகள் தலித் குடியிருப்புகளில் அமையும்படி பார்த்துக்கொள்கிறார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மற்றவர்கள் குடத்தோடு அங்கே வந்துதான் தீர வேண்டும். சாதியைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் இல்லை. அடிபம்பை எங்கே நடுவது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

வேலூர் சி.எம்.சி.யில் படித்த இந்த மருத்துவத் தம்பதி 1970இல் ஜாம்கேடுக்குப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் அங்கே சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். 1978 அல்மா அட்டா மாநாடு ஆரம்ப சுகாதாரத்தைப் பற்றிப் பேசியபோது அதன் பின்னால் இருந்த முன்மாதிரிகளில் ஜாம்கேடும் ஒன்று. 1994இல் அவர்களே எழுதிய புத்தகம் அலங்காரமில்லாதது, சறுக்கிய இடங்களையும் மறைக்காதது. படித்த செவிலியர்களைக் கிராமத்தில் தங்க வைக்கப் பார்த்து, அது நடக்காமல் போன பிறகுதான் உள்ளூர்ப் பெண்களிடம் வருகிறார்கள்.

என் சண்டை முதலில் புத்தகத்தோடு அல்ல, அதை வாசித்தவர்களோடு. மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு இது பழகிய வியாதி. ஓரிடத்தில் வென்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும்போது, எது சுலபமாகப் பெயர்ந்து வருமோ அதை மட்டும் பெயர்ப்போம். ஜாம்கேடிலிருந்து பெயர்க்கப்பட்டது அந்தப் பெண். கிணறு அங்கேயே நின்றுவிட்டது. 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த ஆஷா பணியாளர்களைப் பாருங்கள். அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் இன்றும் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது, செய்த வேலைக்கு ஊக்கத்தொகை. 'தன்னிறைவு' என்ற சொல்லுக்குக் கருத்தரங்குகளில் என்ன அர்த்தம் என்று யோசித்தால், பெரும்பாலும் ஒன்றுதான்: நன்கொடையாளர் எப்போது கிளம்பலாம்?

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஓர் 'ஊர்' இருக்கிறது. சண்டை போட்டாலும் நாளைக்கும் அங்கேயே இருக்கப் போகிற மனிதர்கள். அந்த அஸ்திவாரத்தைப் புத்தகம் கேள்வி கேட்பதில்லை. கும்மிடிப்பூண்டியில் வைத்து வாசித்தால் அதுதான் முதலில் இடிக்கிறது.

சிப்காட்டின் ரோலிங் மில்களிலும் ஃபவுண்டரிகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள். ஒரே அறையில் பகல் ஷிஃப்ட்டும் இரவு ஷிஃப்ட்டும் மாறி மாறிப் படுக்கும். காண்ட்ராக்டர் மாறினால் அறை மாறும். இங்கே ஊர் எது? எந்தப் பெண்ணை எந்தக் கூட்டம் தேர்ந்தெடுக்கும்? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நிஜமாகவே நல்ல திட்டம், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை நம்புகிறார்கள். ஆனால் அது கதவைத் திறப்பவருக்கானது. இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர் கதவைத் திறப்பதில்லை. பின்னால் தொழிற்சாலைகளுக்குள்ளும் அதைக் கொண்டுபோனார்கள், நல்லது. சர்க்கரையும் பிரஷரும் பார்த்தாயிற்று, உலையின் வெக்கையை யார் பார்ப்பது?

இதில் ஒரு வேடிக்கை. தொழிலாளிக்கான தன்னிறைவு மருத்துவம் என்று புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. 1948லேயே சட்டம் இருக்கிறது. இ.எஸ்.ஐ.க்கு இப்போது கூலியில் 0.75 சதவீதம் தொழிலாளி, 3.25 சதவீதம் முதலாளி. பெரும்பாலும் அவர்கள் பணம், யார் போட்ட பிச்சையும் இல்லை. ஆனால் மாதக்கூலி 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, பெயர் பதிவாகியிருக்க வேண்டும். நோய்க்கால உதவித்தொகை வேண்டுமென்றால் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். 'ரெண்டு மாசம் இங்க, அப்புறம் வேற கம்பெனி' என்று இழுத்துப் போகப்படுகிறவருக்கு, நடுவில் எங்காவது பெயர் விட்டுப்போனால், 78 என்பது பெரிய எண்.

தொழிற்பேட்டைக்கு ஜாம்கேட் பொருந்தாது என்றால் வேறு எதை வாசிப்பது? நான் தல்லி ராஜ்ஹராவைச் சொல்வேன். சத்தீஸ்கரில், பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது போகும் சுரங்க ஊர். நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி உண்டு, ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த வாசல் அவ்வளவு சுலபமாகத் திறக்காது. 1977 ஜூனில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் இறந்தார்கள். பிறகு சங்கத்தின் பெண் தலைவர் ஒருவர் பிரசவத்தில் உரிய சிகிச்சை கிடைக்காமல் போனார். சங்கர் குகா நியோகியின் தலைமையில் இருந்த அந்தச் சங்கம் தானே ஆஸ்பத்திரி கட்டியது. காசும் தொழிலாளிகளுடையது, செங்கல் சுமந்த தோளும் அவர்களுடையது. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் நினைவாக 1983 ஜூன் 3 அன்று திறந்து, ஷஹீத் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் முன்னால் அந்தச் சங்கம் நடத்தியது சாராய எதிர்ப்புப் போராட்டம். இதைச் சுகாதாரத் திட்டம் என்று எந்தப் பாடநூல் ஒத்துக்கொள்ளும் என்று தெரியவில்லை. நான் ஒத்துக்கொள்வேன். 1991இல் நியோகியைச் சுட்டுக் கொன்றார்கள். ஆஸ்பத்திரி மூடப்படவில்லை.

அரோலேக்களுக்கு ஊர் கையில் கிடைத்தது. தல்லி ராஜ்ஹராவில் சங்கம் ஊரை உண்டாக்கியது, கூலி உயர்ந்தது, அந்தக் கூலியில் ஆஸ்பத்திரி எழுந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் மருத்துவ முகாம், பிறகு 'விழிப்புணர்வு' என்று போகிறவர்கள்தான் இரண்டாம் வருடம் நிதி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சுரங்கத்துக்காரர்கள் குடும்பத்தோடு அங்கேயே இருந்தார்கள், கும்மிடிப்பூண்டிக்காரர் சத் பூஜைக்குப் போனால் திரும்பி வருவாரா என்பது நிச்சயமில்லை. இது சின்ன வித்தியாசம் அல்ல, சங்கம் கட்டுகிறவர்களையே திணறடிப்பது. ஆனால் இங்கே ஒரு சுகாதாரப் பணியாளரை நியமிக்கும் உரிமை எனக்கு இருந்தால், ஒடியாவும் இந்தியும் பேசும் ஒருவரை முழுச் சம்பளத்தில் வைப்பேன். இரவு ஷிஃப்ட் எழுந்திருக்கும் மாலை நேரத்தில் அறை அறையாகப் போய், பிரஷர் மெஷினை எடுப்பதற்கு முன்னால் அவர் கேட்க வேண்டியது: 'பையா, உங்க இ.எஸ்.ஐ. நம்பர் என்ன? இந்த மாசம் கட்டியிருக்காங்களா?'